மூன்றாம் வகுப்பு வாசல் மணி

விஜயகுமாரி அரசாங்கத்திடம் கேட்டதெல்லாம் பத்தடிதான். மகள் படிக்கும் ஊராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாசலுக்கு நேர் மேலே ஒரு மின்சார மணி இருந்தது. அதைக் கழற்றிப் பத்தடி தள்ளி, சத்துணவுக்கூடத்துப் பக்கம் மாட்ட வேண்டும். நாலு திருகாணி, கொஞ்சம் ஒயர், ஓர் ஏணி. ஊர் எலக்ட்ரீஷியன் பச்சையப்பன் டீ ஆறுவதற்குள் செய்துவிடுவான்.

அரசாங்கம் அந்தப் பத்தடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்தது. அந்தக் கதைதான் இது.

மகள் சௌந்தர்யாவுக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்று நாலு வயதிலேயே வேலூரில் ஒரு டாக்டரம்மா சொல்லிவிட்டார். பேச்சு குறைவு. யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டாள். ஆனால் பள்ளிக்கூடம் போவதென்றால் அவளுக்கு உயிர். காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் வகுப்பு வாசலில் உட்கார்ந்துகொள்வாள். மற்றப் பிள்ளைகள் உதறிவிட்டுப் போகும் செருப்புகளை ஜோடி சேர்ப்பாள். சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைப்பாள். எல்லாவற்றின் முனையும் வெளிவாசலைப் பார்க்கும்படி திருப்பிவிடுவாள். சாயங்காலம் பிள்ளைகள் காலை நுழைத்தால் போதும், அப்படியே ஓடலாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் அம்மா, தன் கம்பெனியில்கூட இவ்வளவு சுத்தமாக ஜோடி சேர்க்கமாட்டார்கள் என்பாள். யாரும் சொல்லித் தந்ததில்லை. டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே, "ரெண்டு ஜோடி கம்மி" என்பாள். அன்றைக்கு இரண்டு பேர் வராமல்தான் இருப்பார்கள்.

மணி ஒன்றுதான் அவளுக்கு ஆகாது. ஒரு நாளைக்கு எட்டு முறை அது தலைக்கு மேல் அலறும். அலறியதும் காதைப் பொத்திக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடுவாள். பள்ளிக்குப் பின்னால் வேர்க்கடலை நிலம். அதன் நடுவில் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறு. இரண்டு முறை கிணற்றங்கரையிலிருந்து அவளைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"மணிய நகத்தறது சின்ன விஷயம்மா" என்றார் தலைமை ஆசிரியை ஹேமலதா. நல்ல மனுஷி. பிள்ளைகளை அடிக்கமாட்டார். தணிக்கை என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் வியர்த்துவிடும். "சின்ன விஷயத்துக்கெல்லாம் எனக்கு அதிகாரம் இல்ல. அது நன்கொடையா வந்த மணி. மூணாம் வகுப்பு வாசல்னு இருப்புப் பதிவேட்டுல ஏறியிருக்கு. நகத்தினா ஆடிட்ல கேப்பாங்க. நீ பெரிய விஷயமா ஏதாவது கேளு. ஒம்பொண்ணு மாதிரி பிள்ளைங்களுக்குன்னே அரவணைப்புனு ஒரு திட்டம் வந்திருக்கு. தனி ரூமே போட்டுத் தர்றாங்க."

"ரூம் வேணாம் டீச்சர். மணி மட்டும்…"

"ரூம் வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் எத வெச்சு மணியக் கேப்ப?"

விஜயகுமாரி ஒரு வெள்ளைத்தாள் வாங்கினாள். ரூமுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள்.

அரவணைக்கப்பட வேண்டுமென்றால் முதலில் அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, ஒடுகத்தூர் பஸ்ஸைப் பிடித்து மகளோடு போய்ச் சேர்ந்தாள். சத்தம் ஆகாத பிள்ளைகள் இருநூறு பேரை ஒரே இடத்தில் சேர்த்து, நாலு மூலையிலும் ஒலிபெருக்கி வைத்து, "டோக்கன் நம்பர் அறுபத்தி ரெண்டு! எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தாலும் என்றால், பாதிப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் இருந்தார்கள்.

சௌந்தர்யாவின் முறை வந்தபோது கருவிழியைப் பதிவுசெய்யும் இயந்திரத்தை முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"இங்க பாரு பாப்பா. இங்க, இங்க. ம்ஹூம், பதியல சார்" என்றான் இயந்திரத்துக்காரன்.

திட்டத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர் சுந்தரமூர்த்தி எழுந்து வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், நெற்றியில் நிரந்தரமான கவலை.

"கண்ணு பதிஞ்சாத்தாம்மா அட்டை."

"சார், பெத்தவ என் மூஞ்சியவே பாக்க மாட்டா. அதுக்குத்தான சார் அட்டையே கேக்கறோம்?"

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா கண்ணப் பாக்க மாட்டாங்கிறதுக்கு நாங்க அட்டை குடுக்கணும்னா, அவ ஒரு தடவையாவது கண்ணப் பாக்கணும் இல்லையா? இல்லாட்டி பாக்க மாட்டாங்கிறத எத வெச்சு உறுதி பண்றது?"

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று விஜயகுமாரி பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை யோசித்தாள். எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

இரண்டாவது முகாமிலும் பதியவில்லை. மூன்றாவது முகாமில் இயந்திரத்துக்காரன் சாப்பிடப் போன நேரம். அணைக்காமல் விட்டுப்போன இயந்திரத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. விளக்கு மினுக்கினால் சௌந்தர்யாவுக்குப் பிடிக்கும். தானாகவே போய், முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். 'டிங்' என்றது இயந்திரம். பதிந்துவிட்டது.

சுந்தரமூர்த்தி சந்தோஷத்தில் டேப்லெட்டை எடுத்து, கண் தொடர்பு என்ற கட்டத்தில் 'நன்று' என்று போட்டார். "பாத்தீங்களாம்மா? மூணே முகாம்ல எவ்ளோ முன்னேத்தம்! நீங்கதான் நம்பிக்கை இல்லாம பேசுனீங்க."

அட்டை வந்தது. அட்டையைத் தொடர்ந்து அறையும் வந்தது. சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, வானநீலத்தில் வர்ணமடித்து, சுவரெல்லாம் மீன் வரைந்தார்கள். தரைக்குப் பஞ்சு விரிப்பு. ஊஞ்சல், பெரிய ரப்பர் பந்து, மெத்தென்ற மூட்டை என்று இருபத்திரண்டு பொருட்கள். வாசலில் 'அமைதி அறை' என்று பலகை. அரிசி மூட்டைகளை மூன்றாம் வகுப்புக்குள் கொண்டுவந்து அடுக்கியதால், சௌந்தர்யாவின் இடம் இன்னும் நாலடி நகர்ந்து மணிக்கு நேர் கீழே வந்தது.

அமைதி அறையைத் தாரை தப்பட்டையோடு திறந்துவைத்தார்கள்.

முதலில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. பிறகு மேளம். பிறகு, வந்த விருந்தினரைக் கௌரவிக்க வாசலிலிருந்து கேட் வரைக்கும் விரித்த சரவெடி. முதல் வெடி வெடித்தபோது சௌந்தர்யா முன்வரிசையில் புதுச் சட்டையோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புகை அடங்கியபோது நாற்காலி காலியாக இருந்தது.

விஜயகுமாரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேர்க்கடலை நிலத்துக்குள் ஓடினாள். முருகா, முருகா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கிணற்றங்கரையில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஓரத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை. பக்கத்தில், தொடாமல், கூப்பிடாமல், தானும் காலை நீட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியிலிருந்து இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் மரியம்மாள். மணிக்கான சுவிட்சை அமுக்குவதும் அவள்தான்.

"கத்தாத விஜயா" என்றாள் மரியம்மாள், திரும்பாமலே. "இப்பத்தான் மூச்சு சீரா வருது புள்ளைக்கு. நீயும் சும்மா குந்து."

விஜயகுமாரி உட்கார்ந்தாள். மூன்று பேருமாகக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பள்ளிப் பக்கமிருந்து சுந்தரமூர்த்தியின் குரல் நிலம் முழுக்கப் பரவியது.

"அமைதி! அமைதிதான் இந்தக் குழந்தைகளுக்கு மருந்து! இதை நான் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்வேன்! வரும் மார்ச் மாதத்துக்குள் நம்முடைய ஒன்றியத்தை ஆட்டிசக் குழந்தை ஒன்றுகூட இல்லாத ஒன்றியமாக மாற்றிக் காட்டுவோம்!"

கைதட்டல் கேட்டது. விஜயகுமாரி கிணற்றைப் பார்த்தாள். மகளின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார்கள் போல. குரல் தொடர்ந்தது. "ரிப்பன் வெட்டணும். பயனாளி எங்க? …இன்னாது, ஓடிட்டாளா? போட்டோக்காரர் வெயிட் பண்றாரே. சரி, வேற பாப்பா யாராவது வாங்க. நீ வாம்மா. காதப் பொத்திக்கோ. சிரிக்காத கண்ணு, நீ ரொம்ப கஷ்டப்படறே, சரியா?"

மறுநாள் செய்தித்தாளில் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கும் படம் வந்திருந்தது.

அதற்குப் பிறகு அமைதி அறையைப் பூட்டிவிட்டார்கள். "இருபத்திரண்டு பொருளும்மா" என்றார் ஹேமலதா. "ஒண்ணு கிழிஞ்சாலும் நாந்தான் பதில் சொல்லணும்." சாவி அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: அந்த அறைக்குள் முழு அமைதி நிலவியது.

ஹேமலதா இன்னொரு காகிதத்தையும் மேசைமேல் நகர்த்தினார். "மூணாவது தடவை ஓடியிருக்கா. கிணறு வேற. மேல இருந்து சொல்லிட்டாங்க. பாதுகாப்பு கருதி வீட்டுவழிக் கல்விக்கு மாத்தணுமாம். வாரத்துக்கு ஒருநாள் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவாரு. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு."

"அவருக்கு எத்தினி ஸ்கூல், டீச்சர்?"

"நாப்பத்தி மூணு."

விஜயகுமாரி காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டால் வேலையை விட வேண்டும். அதுகூடப் போகட்டும். காலையில் எழுந்ததும் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கும் பிள்ளையிடம், இனிமேல் உனக்கு வரிசை வைக்கச் செருப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மரியம்மாள் நிறுத்தத்தில் காத்திருந்தாள்.

"ஏ விஜயா, ஒண்ணு கேக்கறேன். தெனம் எட்டு வாட்டி அந்த சுவிட்ச அமுக்கறது எங்கைதான். அமுக்கும்போதெல்லாம் ஏசப்பா மன்னிச்சுக்கோனு சொல்லிட்டு அமுக்கறேன். ஒங்க கம்பெனில அத்தினி மெஷின் ஓடுதே, சத்தம் ஜாஸ்தியானா இன்னா பண்ணுவீங்க?"

"அடியில தோல் துண்டு வெப்போம்க்கா. இரும்பும் இரும்பும் மோதற எடத்துல…"

சொல்லும்போதே விஜயகுமாரியின் வாய் நின்றுவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கம்பெனியிலிருந்து ஒரு நூலைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. மறுநாள் அவள் சூப்பர்வைசர் வக்கார் அகமதுவிடம் போய் நின்றாள்.

"தோலா? இன்னாத்துக்கும்மா? கேட்ல புடிச்சா பேஜாராய்டும்."

சொன்னாள். அவர் முழுதும் கேட்டார். கழிவுக் கூடையைக் கிளறி, உள்தோலுக்கு வெட்டியதில் மிஞ்சிய ஆட்டுத்தோல் ஒன்றை எடுத்து, விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போட்டார். இன்னும் மெதுவானதாக ஒன்றைத் தேடி எடுத்தார். சின்ன டப்பாவில் பசையும் ஊற்றிக் கொடுத்து, கேட் பாஸில் எழுதினார்: 'கழிவுத் தோல், ஒரு துண்டு, பசை கொஞ்சம், பள்ளிக்கூட மணிக்கு.' செக்யூரிட்டி அதை இரண்டு முறை படித்தார்.

"மணிக்கா?"

"ஆமாண்ணா."

"சரி போ."

எல்லாம் சேர்ந்து ஏழு நிமிஷம் ஆயிற்று.

சனிக்கிழமை மரியம்மாள் பெஞ்சின்மேல் பெஞ்ச் போட்டு ஏறினாள். மணியை அடிக்கும் சின்னச் சுத்தியின் தலையில் விஜயகுமாரி கொடுத்த தோலை ஒட்டி, ஷூ தைக்கும் நூலால் இறுக்கிக் கட்டினாள். திங்கட்கிழமை காலை மணி அலறவில்லை. யாரோ நாகரிகமான மனிதர் கதவைத் தட்டுவதுபோல 'டொக் டொக் டொக்' என்றது.

அதோடு மரியம்மாள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் சுவிட்சை அமுக்குவதற்கு முன்னால் மூன்றாம் வகுப்பு வாசலுக்கு வந்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, ஒவ்வொன்றாக மடக்குவாள். கடைசி விரல் மடங்கும்போது சௌந்தர்யா காதைப் பொத்திக்கொள்வாள். நாலாம் நாள் வகுப்பே சேர்ந்து பொத்திக்கொண்டது. ஆறாம் நாள் சௌந்தர்யா ஒரு கையை எடுத்துவிட்டாள். பதினொரு நாள் அவள் எங்கும் ஓடவில்லை.

ஹேமலதா எல்லாவற்றையும் பார்த்தார். பார்க்காததுபோல இருந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய துணிச்சல்.

மாதக் கடைசியில் ஆய்வு வந்தது. பயனாளியின் பெற்றோர் என்ற முறையில் விஜயகுமாரியையும் வரச்சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போடாத காகிதம் பையில் இருந்தது.

சுந்தரமூர்த்தியும் கூட வந்த மூன்று அதிகாரிகளும் பஞ்சு விரிப்பு அழுக்காகாமல் இருக்க ஷூக்களை வெளியே கழற்றிவிட்டு அமைதி அறைக்குள் போனார்கள். பந்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"பிரமாதம் டீச்சர்" என்றார் சுந்தரமூர்த்தி. "மத்த ஸ்கூல்ல எல்லாம் பிள்ளைங்கள உள்ள விட்டு நாசம் பண்ணி வெச்சிருக்காங்க. நீங்கதான் திட்டத்தப் புரிஞ்சிட்டிருக்கீங்க."

அவர்கள் வெளியே வந்து அறையைப் பூட்டியபோது 'டொக் டொக் டொக்' என்றது.

"இன்னா சத்தம் அது? யாரு கதவத் தட்றது?"

சொல்ல வேண்டியதாயிற்று. சுந்தரமூர்த்தி வெறுங்காலோடு மூன்றாம் வகுப்பு வாசலுக்கு நடந்துபோய் அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தோல்! அரசுப் பள்ளி மணிக்குத் தோல்! வழிகாட்டிக் கையேடு நூத்தி எண்பது பக்கம். நான் முழுக்கப் படிச்சிருக்கேன். தோல்னு ஒரு எடத்துல கிடையாது. யார் கிட்ட மதிப்பீடு வாங்கினீங்க? எந்தக் குழு பரிந்துரை செஞ்சது? நாளைக்கே ஒவ்வொருத்தரும் அந்தந்தக் குழந்தைக்கு இன்னா தேவையோ அதச் செய்ய ஆரம்பிச்சிட்டா, அப்புறம் திட்டம்னு ஒண்ணு எதுக்கு?"

அவர் கேட்டதிலேயே பதில் இருந்தது. அவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

தாங்கள் வந்த ஜீப்பின் ஓட்டுநரை மேலே ஏறச் சொல்லி, தோலை அறுத்தெடுத்து, உறையில் போட்டு, தேதி எழுதினார்கள். "இப்ப ஒழுங்கா அடிக்குதான்னு பாக்கணும்" என்று சுந்தரமூர்த்தி தானே போய் சுவிட்சில் கட்டைவிரலை வைத்தார்.

"சார், வேணாம் சார்!" விஜயகுமாரி கத்தினாள். "அஞ்சு விரல் காட்டாம…"

மணி அலறியது. அவர் கட்டைவிரலை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

வகுப்பில் சௌந்தர்யா இல்லை.

விஜயகுமாரி கிணற்றுக்கு ஓடினாள். மரியம்மாள் ஓடினாள். ஹேமலதா, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓடாதவர், புடவை தடுக்கத் தடுக்க ஓடினார். கிணற்றங்கரையில் யாரும் இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. விஜயகுமாரி ஓரத்தில் மண்டியிட்டுத் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"விஜயா! இங்க வா, இங்க!" அதற்குள் பள்ளிப் பக்கம் தேடித் திரும்பியிருந்த மரியம்மாள் அங்கிருந்து கூப்பிட்டாள்.

பூட்டிய அமைதி அறையின் வாசலில் சௌந்தர்யா உட்கார்ந்திருந்தாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. அதிகாரிகள் கழற்றிப்போட்ட நாலு ஜோடி ஷூக்களையும் ஜோடி சேர்த்து, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த சுந்தரமூர்த்தி இரண்டு கையையும் விரித்தார். "பாத்தீங்களா! கஷ்டம் வந்ததும் கொழந்த எங்க ஓடி வந்திருக்கு? அமைதி அறைக்கு! இத்தினி நாள் ஓடாம இருந்ததுக்கும் இதான் காரணம்!" செல்போனில் நாலு படம் எடுத்தார். "இது வெற்றிக் கதை டீச்சர். சென்னைக்கே அனுப்பறேன்."

"சார், வீட்டுவழிக் கல்விக்கு அந்தக் காகிதம்…" என்று ஹேமலதா மூச்சு வாங்கியபடி இழுத்தார்.

"இன்னா டீச்சர் நீங்க, வெற்றிக் கதைய யாராவது வீட்டுக்கு அனுப்புவாங்களா? கிழிச்சுப் போடுங்க."

விஜயகுமாரி பையிலிருந்து காகிதத்தை எடுத்து, அவர் மனம் மாறுவதற்குள் நாலாகக் கிழித்தாள்.

"ஆனா மணி இனிமே ஒழுங்கா அடிக்கணும்" என்றார் சுந்தரமூர்த்தி, மரியம்மாளைப் பார்த்து.

"யாரு சார் அடிக்கணும்?"

"யாருன்னா? நீங்கதான்."

மரியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, மிகப் பணிவாகச் சொன்னாள். "நா பஞ்சாயத்து ஆளுங்க சார். கூட்டறதும் கக்கூஸ் கழுவறதும்தான் என் ஆர்டர்ல இருக்குது. மணி அடின்னு ஒரு எடத்துல கிடையாது. இத்தினி வருசமா தெரியாம அடிச்சிட்டேன். தப்புதான் சார். இனிமே பண்ண மாட்டேன்."

சுந்தரமூர்த்தி கையேட்டைப் புரட்டினார். மற்ற அதிகாரிகளைப் பார்த்தார். கையேட்டில் இல்லாத எதையும் செய்யக்கூடாது என்று சற்று முன்னால்தான் சொல்லியிருந்தார்.

"உத்தரவு இல்லாம யாரும் தொடக்கூடாதுதான்" என்றார் யோசித்தபடி. "எழுதிக் கேளுங்க டீச்சர், யார் அடிக்கிறதுன்னு."

"இன்னிக்கே எழுதறேன் சார்" என்றார் ஹேமலதா. அவர் முகத்தில் ஓர் ஒளி வந்திருந்தது. "உரிய வழியில அனுப்பறேன்."

உரிய வழி என்றால் ஐந்து அலுவலகம். ஹேமலதாவுக்குத் தெரியும். மரியம்மாளுக்கும் தெரியும்.

சுந்தரமூர்த்தி புறப்பட்டார். அவருடைய ஷூக்கள் வரிசையின் கடைசியில், முனை வெளிவாசலைப் பார்த்தபடி இருந்தன. குனியவே வேண்டியிருக்கவில்லை. காலை நுழைத்தார், போனார். அதை யாரோ தனக்காகத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. மணி இன்னும் மூன்றாம் வகுப்பு வாசலுக்கு மேலேதான் இருக்கிறது, பத்தடி என்ன, ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மரியம்மாள் துடைப்பத்தை வைத்துவிட்டு வகுப்பு வகுப்பாகப் போய், ஐந்து விரலை மடக்கிக் காட்டி, "டைம் ஆச்சு கண்ணுங்களா" என்கிறாள். அதற்கு உத்தரவு தேவையில்லை. சௌந்தர்யா நாலாம் வகுப்புக்குப் போய்விட்டாள், செருப்பு வரிசையும் கூடவே போயிற்று.

விஜயகுமாரி செவ்வாய்க்கிழமைதோறும் முருகன் கோயிலில் விளக்கேற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மரியம்மாள் மாதா கோயிலில் மெழுகுவத்தி வைக்கிறாள். இருவரும் வேண்டுவது ஒன்றுதான்: ஹேமலதா டீச்சர் எழுதிய கடிதத்துக்கு அரசாங்கம் பதில் போட்டுவிடக்கூடாது.

இதுவரை அவர்கள் வேண்டுதல் ஒரு வாரம்கூடப் பொய்த்ததில்லை.